நான் கவிழ்த்த கள்ளிப்பழப் பானை

உணவுப் பாதுகாப்பு அலுவலர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை என்று ஒப்புக்கொண்டேன். இத்தனை வருடத்தில் நான் சரியாகச் செய்ததெல்லாம் கோப்புகளில் இருக்கிறது. தூசிக்குத் தும்மல் வராதவர்கள் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். தப்பாகச் செய்தது எந்தக் கோப்பிலும் ஏறாது. நாம் ஏற்றவும் மாட்டோம். அதனால் அதைத்தான் எழுதப்போகிறேன். மாதிரி எடுப்பது, நாலாகப் பிரிப்பது, அரக்கு வைப்பது எல்லாவற்றையும் பயிற்சியில் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லிவிடுவார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு பானைச் சாறு பற்றி. செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில், நாலு பேர் பார்க்க, என் கையாலேயே நான் கவிழ்த்த பானை அது.

பழச்சாறு என்று போர்டு மாட்டிய கடையில் விற்பதெல்லாம் பழச்சாறு இல்லை என்பது இந்த வேலையில் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கரும்புச் சாறு பழச்சாறு இல்லை. கரும்பு ஒரு புல். நன்னாரி ஒரு வேர். ரோஸ் மில்க்கில் ரோஜா கிடையாது, சில கடைகளில் பாலும் சந்தேகம்தான். பாட்டிலில் வரும் மாம்பழச் சாற்றில் மாம்பழம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கோ ஓரிடத்தில் கூழாகி, டின்னில் அடைபட்டு, பல மாதம் கழித்துத் தண்ணீரையும் சர்க்கரையையும் சந்தித்த மாம்பழம். எத்தனை சதவீதம் பழம் என்று பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் போட்டிருப்பார்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நீங்கள் குடிக்கும் சாத்துக்குடி ஆந்திராவிலிருந்து லாரியில் வந்தது. மாதுளை அதைவிடத் தூரம். தர்பூசணி திண்டிவனம் பக்கம், எலுமிச்சை அவலூர்பேட்டைச் சந்தை. ஒரு டம்ளர் சாற்றைப் பார்த்ததும் இது எந்த மண்ணிலிருந்து, எந்த மரத்திலிருந்து வந்தது என்று யோசிக்கத் தெரிந்தவர்தான் நம் வேலைக்கு லாயக்கு. நான் லாயக்கு என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் என் முதல் போஸ்டிங்கில் இருந்த மேலதிகாரி. ஜூஸ் கடைக்குப் போனால் வாசலில் தொங்கும் ஆரஞ்சுத் தோரணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நேராகப் பின்பக்கம் போய்க் குப்பைத் தொட்டியைக் குச்சியால் கிளறுவார். "போர்டு பொய் சொல்லும்மா. தோலும் கொட்டையும் பொய் சொல்லாது" என்பார். ஐம்பது டம்ளர் சாத்துக்குடி ஜூஸ் விற்றவன் தொட்டியில் நூறு பழத்துச் சக்கையாவது கிடக்க வேண்டும், கிடக்கவில்லை என்றால் கடைக்குள் எசன்ஸ் பாட்டில் ஒளிந்திருக்கிறது என்பது அவர் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தை வைத்து நாங்கள் பிடித்த ஆசாமிகள் ஏராளம். அவர் போன பிறகு குப்பை கிளறும் பழக்கம் எனக்கு வந்து சேர்ந்தது. கூடவே கொஞ்சம் திமிரும் வந்தது.

செஞ்சிக்கு மாற்றலாகி வந்தபோது ஓய்வு பெற எனக்கு இரண்டு மூன்று வருடமே பாக்கி. நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் ஒரு கல் வேண்டுமென்றால் ரயில் பாதைக்குத்தான் போகவேண்டும். செஞ்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைமேல் பாறை. அந்தப் பாறைகளில் என்ன முளைக்கும், யார் அதைத் தின்பார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. ஆபீசில் எனக்குத் துணை சேகர். பக்கத்துப் பனமலைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், ஜீப்பும் ஓட்டுவார், மாதிரி பாட்டிலும் தூக்குவார். கேட்டாலொழிய வாயைத் திறக்கமாட்டார். அதை அப்போது நான் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா போன் செய்தார். கோட்டை ஏறுவதற்காகச் சென்னையிலிருந்து வந்த நடைப்பயிற்சிக் குழுவினர் ஒன்பது பேர் வந்திருக்கிறார்களாம். எல்லாரும் அறுபதைத் தாண்டிய ஆண்கள். ஒன்பது பேருக்கும் சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம்.

தூக்கம் கலைந்த கோபத்தோடு போனேன். என் கோபம் கொஞ்சம் பிரசித்தம். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒன்பது பேரும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்ததில் விஷயம் விளங்கியது. கோட்டையிலிருந்து இறங்கி வந்து ஒவ்வொருவராகக் கழிப்பறைக்குப் போயிருக்கிறார்கள். தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து ஒருவரும் மூச்சு விடவில்லை. ஒருவர் மட்டும் மனைவிக்கு போன் செய்து பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பதைத் தழுதழுத்த குரலில் சொல்லியிருக்கிறார். அதைப் பக்கத்தில் இருந்தவர் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் ஒன்பது பேரும் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்களின் தலைவர், கழுத்தில் விசில் மாட்டியிருந்த ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எனக்குப் பதில் சொன்னார்.

"காலையில ஏர்றதுக்கு முன்னாடி அடிவாரத்துல ஒரு ஜூஸ் குடிச்சோம் மேடம். ஆளுக்கு ரெண்டு டம்ளர்."

"என்ன ஜூஸ்?"

"கேக்கல. கலர் ரொம்ப நல்லா இருந்துச்சு."

பஞ்சுமிட்டாயில் சாயம் கலக்கிறார்கள் என்று தமிழ்நாடே பேசி முடித்திருந்த நேரம். எனக்கு அதற்குமேல் எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. சேகர் ஜீப்பை எடுத்தார்.

கோட்டை இருக்கும் ராஜகிரி மலையின் அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் அந்தத் தள்ளுவண்டி நின்றது. ஈரத்துணி சுற்றிய மண்பானை ஒன்று, கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெயர் அஞ்சலை என்றாள். பானையைத் திறந்து பார்த்தேன். கல்யாணப் பட்டுப்புடவைக்குக்கூட அப்படி ஒரு ரோஸ் நிறம் போடத் துணியமாட்டார்கள். செய்தி எனக்கு முன்பே அங்கே வந்துவிட்டிருந்தது. இளநீர்க்காரர், ஆட்டோக்காரர்கள், கோட்டை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பாதிப் பேர் கையில் செல்போன் உயர்ந்திருந்தது.

"இது என்ன சாறு?"

"சப்பாத்திக் கள்ளிப் பழம் மேடம். பாறையில காய்க்குது."

"பழம் எங்க? ஒண்ணு காட்டுங்க."

"இங்க இல்ல மேடம். அங்கியே பிழிஞ்சி வடிகட்டி எடுத்தாந்துடுவேன்."

நான் வண்டிக்குப் பின்னால் போய்க் குப்பையைத் தேடினேன். தோல் இல்லை, விதை இல்லை, சக்கை இல்லை. இரண்டு பிளாஸ்டிக் கப்பும் ஒரு எலுமிச்சைத் தோலும் கிடந்தன. என் தலைக்குள் என் பழைய மேலதிகாரி குச்சியை உயர்த்திக் காட்டினார்.

"தோல் எங்க? சக்கை எங்க?"

"அதுவும் அங்கியேதான். இங்க எடுத்தாந்தா ஜனங்க கால்ல முள்ளு ஏறிடும் மேடம். கண்ணுக்கே தெரியாத முள்ளு. வாங்க, இட்டுக்கினு போயி காட்டுறேன். வல்லம் ரோட்டாண்ட ஒரு பாறை. அர மணி நேரம் ஏறணும், அவ்ளோதான்."

இங்கே உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் கூப்பிட்டாள். நான் போயிருக்கலாம். மணி மூன்று, பாறை அனல் அடிக்கும், என் இரண்டு முழங்காலும் ஏற்கெனவே என்மீது புகார் எழுதிக் கொடுத்திருந்தன. ஏமாற்றுக்காரர்கள் எல்லாரும் தூரமான ஒரு இடத்தைத்தான் காட்டுவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அன்று முடிவை எடுத்தது வெயிலும் முழங்காலும்தான். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

என் வெள்ளைக் கைக்குட்டையைச் சாற்றில் நனைத்தேன். பிழிந்த பிறகும் நிறம் அப்படியே ஒட்டியிருந்தது. அதைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டியபோது "ஓ" என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்கு மயங்காதவர் நம் துறையில் கிடையாது. லேபுக்கு அனுப்ப மாதிரியை பாட்டிலில் எடுத்து மூடினேன். பிறகு நோட்டீசை எழுதி, எழுதியதையே சத்தமாகப் படித்தேன்: "அஞ்சலை, கணவர் பெயர் ஏழுமலை, ராஜகிரி அடிவாரம் புளியமரத்தடி தள்ளுவண்டி. இவங்க விக்கிறது சாயத் தண்ணி. யாரும் குடிக்காதீங்க." நோட்டீசை வண்டியில் ஒட்டினேன். பானையைக் கவிழ்த்தேன்.

சாறு ரோட்டோரம் ஓடியது. எங்கிருந்தோ ஒரு நாய் வந்து நிதானமாக நக்கிக் குடித்தது. அன்றைக்கு அந்த இடத்தில் தெளிவாக இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

அஞ்சலை அழவில்லை, கத்தவில்லை. காலிப் பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு, "மேல வந்து பாத்துட்டு ஊத்தியிருக்கலாம் மேடம்" என்றாள். சேகர் ஜீப்பை ஸ்டார்ட் செய்யும் சத்தத்தில் அதைக் கேட்காத மாதிரி நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் டாக்டரம்மாவிடமிருந்து போன். "மேடம், ரத்தமே இல்ல. மைக்ராஸ்கோப்புல ஒரு செல்கூட இல்ல. வெறும் கலர்தான். ஒன்பது பேரும் நல்லா இருக்காங்க, இட்லி எங்க கிடைக்கும்னு கேக்கறாங்க." நல்லதுதானே என்று சொல்லிவிட்டு வைத்தேன். மறுநாள் காலையில் வெறும் சோப்பில் அலசிக் காயப்போட்டிருந்த கைக்குட்டையை எடுத்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. பஞ்சுமிட்டாய்ச் சாயம் பட்ட என் புடவை ஒன்று பத்துச் சலவைக்குப் பிறகும் ரோஸாகவே இருக்கிறது. சாயம் இப்படி ஒரே ராத்திரியில் விட்டுப் போகாது.

ஆபீசுக்குப் போனால் வாசலில் அஞ்சலை நிற்கிறாள். ஒரு கையில் அலுமினியச் சட்டி, இன்னொரு கையில் தூக்கு. சட்டியை என் மேஜைமேல் வைத்து, மேலே போட்டிருந்த துணியை எடுத்தாள். சட்டி நிறையக் கருஞ்சிவப்பில் முட்டை அளவுப் பழங்கள்.

"பழம் கேட்டீங்களே, எடுத்தாந்தேன். தொடாதீங்க மேடம்."

என்னிடம் "தொடாதே" என்று யாராவது சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். "எனக்குத் தெரியும்" என்று சொல்லி ஒன்றைக் கையில் எடுத்து நன்றாக அமுக்கிப் பார்த்தேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்பது இரண்டே நொடியில் தெரிந்தது. விரல் பூராவும் முடி மாதிரி முள். பத்தோ இருபதோ இல்லை, எண்ண முடியாத அளவு. பேனாவைப் பிடித்தால் உயிர் போனது. பன்னிரண்டு மணிக்குள் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய அஞ்சலையின் வழக்குக் கோப்பு எதிரில் கிடந்தது. என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

அஞ்சலை ஒரு பெருமூச்சு விட்டாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து முள்வாங்கியை எடுத்தாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, என் கையை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முள்ளாக எடுக்க ஆரம்பித்தாள். அவள் பானையைக் கவிழ்த்த அதே கை. ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது. கையை இழுத்துக்கொள்ளவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. அதனால், என் வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு கடைக்காரர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டேன்.

"விடியக்காலம் ஈரத்துல பறிக்கணும் மேடம். ஈரம் இருந்தா முள்ளு பறக்காது. இடுக்கியால திருகி எடுத்து, பாறைமேல போட்டு விளக்குமாத்தால நல்லா தேய்க்கணும். அப்பறம் ரெண்டா அறுத்தா நடுவுல நட்சத்திரம் மாதிரி ஒரு முள்ளு இருக்கும். அத எடுக்காம வுட்டா தொண்டயில மாட்டிக்கும். பிழிஞ்சி ரெண்டு தடவ துணியில வடிகட்டி, கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் எலுமிச்ச."

"தோலை என்ன செய்வீங்க?"

"அங்கியே குழி தோண்டிப் பொதச்சிடுவேன். ஆடு மேயுதுல்ல."

குப்பை இல்லாததுதான் அவள் குற்றத்துக்கு நான் கண்டுபிடித்த சாட்சி. முள் குத்திவிடக் கூடாது என்று ஆட்டுக்கும் ஆளுக்கும் பார்த்துப் பார்த்து அவள் செய்த வேலை அது. நல்ல பாடம்கூட ஊர் மாறினால் செல்லாமல் போகும் என்று என் மேலதிகாரி எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாவம், அவரும் கள்ளிப்பழம் பார்த்திருக்கமாட்டார்.

"இதெல்லாம் நேத்தே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னேனே. நீங்க குப்பையத் தேடிக்கினு இருந்தீங்க." இன்னொரு முள்ளை எடுத்து ஜன்னல் கட்டையில் துடைத்தாள். "நேத்து வீடியோ ஊர் பூரா போயிடுச்சி மேடம். எம் பொண்ண தெருவுப் பசங்க சாயக்காரி பொண்ணுன்றாங்களாம். அடிவாரத்துக் கடக்காரங்க எல்லாம் கூடிப் பேசி, பேரு சரியாவுற வரைக்கும் வண்டிய அங்க போடக்கூடாதுன்னுட்டாங்க. அந்த எடத்துல பத்து நாளு நான் நிக்கலன்னா வேற வண்டி வந்து நின்னுடும். அப்பறம் நான் எங்க போறது?"

எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். மூலையில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன்.

"சேகர், இந்தப் பழம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். சின்ன வயசுல பனமலை ஏரிக்கரப் பாறையில நெறைய துன்னுவோம். துன்னுட்டு ஒண்ணுக்குப் போனா செவப்பா வரும். யாருக்கு ரொம்ப செவப்புன்னு போட்டி வெப்போம்."

"அடப்பாவி மனுஷா! நேத்து எம் பக்கத்துலதானே நின்னீங்க? ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல மேடம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோவத்துல வேற இருந்தீங்க" என்றார்.

அஞ்சலை முதல் முறையாகச் சிரித்தாள். சிரித்ததில் முள்வாங்கி நழுவி என் விரலைக் கிள்ளியது. அது எனக்கு வேண்டியதுதான்.

தூக்கில் அவள் சாறு கொண்டுவந்திருந்தாள். கடைசி முள் வந்ததும் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன். லேசான புளிப்பு, லேசான வழவழப்பு, அடியில் வெல்லத்தின் வாசம். ருசியாக இருந்தது என்பது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. பிறகு காத்திருந்தேன். மதியம் இரண்டு மணிக்குக் கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, "சேகர், சிவப்பு!" என்று சந்தோஷத்தில் கத்திவிட்டேன். பக்கத்து ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை உதறிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். சிறுநீர் சிவந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்மணி உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டாள்.

மேலிடத்துக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "ரிப்போர்ட் வர பதினாலு நாள் ஆகும். வரட்டும். அதுவரைக்கும் நீங்க வாயே திறக்காதீங்க" என்றார்கள். உங்களுக்கும் இதைத்தான் சொல்வார்கள். பெரும்பாலும் சரியான யோசனைதான், வேலையைக் காப்பாற்றும். ஆனால் பதினாலு நாளில் புளியமரத்தடி இன்னொருவர் கைக்குப் போய்விடும். நான் அவள்மேல் பழி போட்டபோது ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவில்லையே. பழியைத் துடைக்க மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலையில் அடிவாரத்துக்குப் போய், அதே மரத்தடியில் நின்று, அதே கடைக்காரர்களைக் கூப்பிட்டு, "நான் சொன்னது தப்பு, இந்தச் சாறு நல்ல சாறு" என்று சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். இளநீர்க்காரர் மட்டும் பக்கத்து ஆளிடம், எனக்குக் கேட்கிற மாதிரி, "அஞ்சல நல்லா கவனிச்சிட்டா போலக்குது" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. நாம் ஒருவரைக் கெட்டவர் என்று சொன்னால் ஊர் அப்போதே நம்பும். நல்லவர் என்று சொன்னால் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்கும். கவிழ்க்க ஒரு கை போதும், திரும்ப நிரப்ப வாய் போதாது. இதைப் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது.

அன்றைக்கு ராத்திரியே முடிவு செய்தேன். மறுநாள் விடியற்காலையில் அஞ்சலையோடு வல்லம் ரோட்டுப் பாறையில் ஏறினேன். அரை மணி நேரம் என்று அவள் சொன்னது அவள் காலுக்கு. எனக்கு ஒன்றேகால் மணி நேரம். உட்கார்ந்து உட்கார்ந்து, சேகர் பின்னாலிருந்து தள்ள, அஞ்சலை முன்னாலிருந்து இழுக்க, ஒரு மாதிரியாகப் போய்ச் சேர்ந்தேன். பறிப்பதிலிருந்து புதைப்பதுவரை எல்லாவற்றையும் பார்த்தேன். பிறகு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர, நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக்கு வந்தேன். புளியமரத்தடியில் வண்டி. பக்கத்தில் ஸ்டூல். அதன்மேல் நான். வண்டியை எடு என்று சொல்ல வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எல்லார் கண்ணெதிரிலும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன்.

இதைத் தினமும் செய்தேன். முதல் நாள் ஒருவரும் வாங்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் ஆட்டோ ஸ்டாண்டில் "மேடம் இன்னும் உயிரோட இருக்குதா?" என்று விசாரித்தார்களாம். நான்காம் நாள் நான் குடிப்பதைப் பார்ப்பதற்கென்றே பத்துப் பேர் டீயோடு வந்து நின்றார்கள். ஐந்தாம் நாள் எனக்குத் தும்மல் வந்தது. கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. ஆறாம் நாள் ஒரு ஆட்டோக்காரர், "இன்னாதான் ஆவுதுன்னு பாத்துடலாம், ஒண்ணு குடு" என்று கையை நீட்டினார். அஞ்சலை டம்ளரை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தாள். குடித்தவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டார். மறுநாள் அவர் தன் சிவப்பைப் பற்றி ஸ்டாண்ட் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டதாக சேகர் சொன்னார்.

நடுவில் விசில் தலைமையாசிரியர் சென்னையிலிருந்து போன் செய்தார். "மேடம், அந்தப் பழம் உடம்புக்கு ரொம்ப நல்லதாமே. எல்லா வியாதியும் போகுமாமே. நீங்களே ஒரு வார்த்தை சொன்னா வீடியோவா போட்டுடலாம்" என்றார். சார், சாறு வியாதி தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம், அதைச் சொன்னால் நான் என்மீதே வழக்குப் போடவேண்டிவரும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பதினான்காம் நாள் ரிப்போர்ட் வந்தது. செயற்கை நிறம் எதுவும் இல்லை, சாப்பிட உகந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஜீப்பை விரட்டச் சொல்லி அடிவாரத்துக்கு ஓடினேன். வண்டிக்கு முன்னால் வரிசை நின்றது. தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஏதோ மெடல் வாங்கியவள் மாதிரி போய் அவளிடம் நீட்டினேன். அஞ்சலை பத்தாவது வரை படித்தவள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இதுல எம் பேரு இல்லியே மேடம்."

"லேப்புக்குப் பேர் அனுப்பமாட்டோம்மா. நம்பர்தான். யாரோட மாதிரின்னு அவங்களுக்குத் தெரியக்கூடாது, அதான் ரூல். இந்த நம்பர்தான் நீங்க."

அவள் நம்பரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கெட்டதுன்னு சொல்லும்போது எம் பேரு, எம் வூட்டுக்காரர் பேரு, எடம் எல்லாம் சொன்னீங்க. நல்லதுன்னு சொல்லும்போது மட்டும் நம்பரா?"

ரூல் சரியான ரூல்தான். அவள் கேட்டது அதைவிடச் சரி.

ஜீப்பிலிருந்து ஒரு பெரிய அட்டையும் தடித்த பேனாவும் கொண்டுவரச் சொன்னேன். என்ன எழுதட்டும் என்று அவளையே கேட்டேன். "அன்னிக்கி எப்புடி சத்தமா படிச்சீங்களோ அப்புடியே" என்றாள். எழுதினேன்: அஞ்சலை, கணவர் பெயர் ஏழுமலை, ராஜகிரி அடிவாரம் புளியமரத்தடி தள்ளுவண்டி. இவர் விற்பது சுத்தமான கள்ளிப்பழச் சாறு. சாயம் என்று நான் சொன்னது தப்பு. கீழே வழக்கம்போல் ஒரு கிறுக்கல் கையெழுத்தைப் போட்டு நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "இது யாருன்னு எப்புடித் தெரியும்? உங்க பேரையும் முழுசா போடுங்க மேடம்."

என் பெயரை, என் தகப்பனார் பெயரோடு, பதவியோடு, முழுதாக எழுதினேன். எழுதியதை அன்றைக்குப் படித்த அதே சத்தத்தில் படித்தேன். செல்போன்கள் உயர்ந்தன. அஞ்சலை அட்டையை வாங்கி வண்டியின் முகப்பில் கட்டினாள். இரண்டடி பின்னால் போய் நின்று, கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். புடவைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

பழக்கதோஷத்தில் நான் டம்ளருக்குக் கை நீட்டினேன்.

"வரிசையில வாங்க மேடம். உங்களுக்கு முன்ன ஆறு பேரு நிக்கிறாங்க."

ஏழாவது ஆளாகப் போய் நின்றேன்.